பழைய பாட்டு நெஞ்சில் நிற்கிறது. புதிய ஆல்பம் ஏன் நிற்பதில்லை?

பாலக்கோட்டு ரசிகர்

அனைவருக்கும் வணக்கம். பாலக்கோட்டில் உரக்கடை நடத்தி வருகிறேன்; வயது 52. கடையைத் திறந்து, கூட்டிப் பெருக்கி, சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றியதும் அடுத்த வேலையாகப் பாட்டைப் போட்டுவிடுவது அப்பா காலத்திலிருந்தே எங்கள் கடையின் வழக்கம். அவர் இருந்தவரை அது ரேடியோவாக இருந்தது. இப்போது கைப்பேசியும் அதோடு இணைத்த கையகலப் புளூடூத் ஒலிபெருக்கியும். மண்டியில் தக்காளிக் கூடைகளை இறக்கிவிட்டு மருந்து வாங்க வரும் விவசாயிகள், மீதிச் சில்லறையை வாங்கி மடியில் வைத்த பிறகும் ஒரு பாட்டின் சரணம் முடியும்வரை வாசற்படியிலேயே நின்றுவிட்டுப் போவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அப்படி ஆளை நிறுத்தி வைப்பது இதுவரை பழைய பாட்டாகவே இருந்திருக்கிறது. அதை எனக்கே உரிய பெருமை போலவும் நினைத்து வந்தேன்.

சென்ற மாதம் ஒரு புதிய படத்தின் பாடல்கள் வெளியானபோது, கிருஷ்ணகிரியில் கல்லூரியில் படிக்கும் என் மகள் அவற்றை வீட்டில் அதே கையகல ஒலிபெருக்கியில் போட்டாள். முதல் பாட்டு பாதி ஓடுவதற்குள், "இதில் என்னம்மா இருக்கிறது, வெறும் இரைச்சல்" என்று சொல்லிவிட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. பாட்டை நிறுத்திவிட்டு, "அப்பா, அன்னக்கிளி பாட்டை நீங்கள் முதல் முறை கேட்டபோது உங்களுக்குப் பிடித்ததா?" என்று மட்டும் கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. 1976இல் அந்தப் படம் வந்தபோது எனக்கு 3 வயது. அந்தப் பாட்டுகளை முதல் முறையாகக் கேட்ட நாள் என்று ஒன்று என் நினைவில் இல்லை. எனக்கு நினைவு தெரியத் தொடங்கியபோதே, வீட்டுக் கிணறும் கொல்லைப் புளியமரமும் இருந்ததைப் போல, அவையும் இருந்தன.

அவள் கேட்ட அன்றிரவு அப்பாவின் ஒலிநாடாப் பெட்டியை இறக்கினேன். அதில் ஒரு நாடா, இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையிலிருந்து அவரே டூ-இன்-ஒன்னில் (ரேடியோவும் ஒலிநாடாவும் சேர்ந்த கருவி) பதிந்தது. அதில் சுசீலா அம்மா பாடிய ஒரு பாட்டு, கடைசிப் பல்லவி தொடங்கியதும் அறிவிப்பாளரின் குரலுக்கு அடியில் அமிழ்ந்து போய்விடும். நான் பள்ளியில் படித்த காலம் முழுவதும் அந்தப் பாட்டு அங்கேதான் முடிந்தது. முப்பது ஆண்டுகள் கழித்துக் கைப்பேசியில் அதை முழுமையாகக் கேட்டபோது, பல்லவிக்குப் பிறகு ஒரு புல்லாங்குழல் தனியாகச் சில நொடிகள் இழைந்து அடங்குவதை அறிந்தேன். அது எவ்வளவு அழகான முடிவு என்பதை அறிவால் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் என் மனத்துக்குள் அந்தப் பாட்டு இன்றும் அந்த அறிவிப்பாளரின் குரலோடுதான் முடிகிறது.

ஆகவே எனக்கு ஓர் ஐயம் வந்துவிட்டது. நான் நேசிப்பது அந்தப் பாட்டுகளையா, அவற்றைக் கேட்ட வயதையும் வீட்டையும் அப்பாவையுமா? பழைய பாட்டு உண்மையிலேயே உயர்ந்ததா, அல்லது நூறு முறை கேட்டதால் உயர்ந்து நிற்கிறதா? ஒரு புதிய ஆல்பத்தை நேர்மையாகக் கேட்பது எப்படி? எத்தனை முறை, எந்தக் கருவியில், எந்த எதிர்பார்ப்போடு கேட்டால் அதற்கு நியாயம் செய்தவனாவேன்? மகளை மகிழ்விப்பதற்காகத் தலையாட்ட எனக்கு விருப்பமில்லை. பிடிக்கவில்லை என்றால் காரணத்தோடு சொல்ல வேண்டும், பிடித்தால் மனத்தோடு பிடிக்க வேண்டும். அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

தருமபுரி ஒலிநாடாக் கடை

தம்பி, உங்கள் மகள் கேட்டது நல்ல கேள்வி. 1985 முதல் 2003 வரை தருமபுரிப் பேருந்து நிலையத்துக்கு அருகில் பாடல் பதிந்து கொடுக்கும் கடை வைத்திருந்தவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வாடிக்கையாளர்கள் பாட்டுப் பட்டியலைச் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். அந்தச் சீட்டுகளைக் கம்பியில் குத்தி வைத்து, இரவில் பதிந்து முடித்ததும் ஒரு நோட்டில் வரிசையாக எழுதிவிடுவேன்; ஒருவருக்குக் கொடுத்ததையே மீண்டும் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக. அந்த நோட்டுகள் இன்றும் என் பரணில் இருக்கின்றன. உங்கள் பதிவைப் படித்ததும் ஒன்றை எடுத்துப் புரட்டினேன். நீங்களும் நானும் பொற்காலம் என்று சொல்லும் அதே ஆண்டுகளில், மூன்று மாதம் ஊரே கேட்டு வாங்கி, பிறகு ஒருவர்கூடக் கேட்காமல் போன பாட்டுகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. சிலவற்றின் முதலடியைப் படித்தும் மெட்டு எனக்கே நினைவுக்கு வரவில்லை. நான் என் கையால் நூறு நாடாக்களில் பதிந்த பாட்டுகள் அவை. இன்று நம்மிடம் மிஞ்சியிருப்பவை ஐம்பது ஆண்டுக் காற்றில் தூற்றியெடுத்த மணிகள். புதிய ஆல்பமோ இந்த வெள்ளிக்கிழமை களத்துக்கு வந்தது. தூற்றிய கேழ்வரகையும் தூற்றாத கேழ்வரகையும் ஒரே படியால் அளந்துவிட்டு, இந்த ஆண்டு விளைச்சல் சரியில்லை என்று சொல்வது நியாயமாகாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் நாம் எல்லாவற்றையும் விரும்பித் தேர்ந்தெடுத்துக் கேட்டோம் என்று நினைக்கிறோம். உண்மையில் பாதிப் பாட்டுகள் நம்மைத் தேடி வந்தவை. 60 நிமிட நாடாவில் ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம். நாலரை நிமிடப் பாட்டாக ஆறு வைத்தால் 27 நிமிடம் போய்விடும். மீதியுள்ள 3 நிமிடத்தை வெறுமையாக விட்டால், காசு வாங்கிக்கொண்டு நாடாவை வீணாக்கிவிட்டான் என்று பேச்சு வரும். அதனால் அந்த இடத்தில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படப் பாட்டை வைத்துவிடுவேன். 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய 3 நிமிடமே கொள்ளும் என்பதால், அந்தக் காலத்துப் பாட்டுகள் பலவும் அளவெடுத்தாற்போல அந்த இடைவெளியில் அமர்ந்துவிடும். இப்படித்தான் 1980களின் இளைஞர்கள் பலர் கேட்டு வாங்காமலேயே பழைய இசையமைப்பாளர்களான ஜி.இராமநாதனையும் விசுவநாதன் இராமமூர்த்தியையும் வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். மறுமாதம் வந்து, "கடைசியில் ஒரு பாட்டு வைத்தீர்களே அண்ணா, அதைப் போல இன்னும் நான்கு வையுங்கள்" என்பார்கள். நிறுவனங்கள் வெளியிட்ட நாடாக்களிலும் ஒரு பக்கம் ஒரு படம், மறுபக்கம் வேறொரு படம் என்று வருவது வழக்கம். முதல் பக்கத்துக்காக வாங்கியவர்கள் மறுபக்கத்தையும் ஓடவிட்டார்கள். பெயரே தெரியாமல் போன படங்களின் பாட்டுகள் அப்படித்தான் பிழைத்தன.

எனக்கே நேர்ந்ததைச் சொல்கிறேன். 1986இல் இளையராஜா ‘ஹௌ டு நேம் இட்’ என்று ஓர் ஆல்பம் வெளியிட்டார். படம் கிடையாது, பாடகர் பெயர் கேட்டு வாங்க வழியில்லை. தியாகராஜரையும் ஜெர்மானிய இசைமேதை பாக்கையும் நினைந்து செய்யப்பட்ட இசை அது. வி.எஸ்.நரசிம்மன் வயலின் வாசித்திருப்பார். கடைக்கு எடுத்து வந்த நாடா விற்கவில்லை. எனக்கும் முதலில் பிடிக்கவில்லை. ஆனால் பதிவுக் கருவியின் தலையை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்த பிறகு, ஒலி தெளிவாக வருகிறதா என்று பார்ப்பதற்கு வயலினின் மேல்சுரத்தைப் போல உதவுவது வேறொன்றும் இல்லை. அதனால் தினமும் காலையில் அந்த நாடாவைத்தான் போட்டுப் பார்ப்பேன். ஒரு வருடம் கழித்து, தலை சுத்தமாக இருந்த நாளிலும் அதை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். எந்த நாளில் அது சோதனை நாடா என்ற நிலையிலிருந்து என் நாடாவாக மாறியது என்று எனக்குத் தெரியாது.

1992இல் ரோஜா வந்தபோது என் கடை வாசலிலேயே, இது பாட்டா கணினிச் சத்தமா என்று வாக்குவாதம் நடந்தது. "வெறும் இரைச்சல்" என்ற அதே சொல்லை அன்று நடுவயதுக்காரர்கள் சொன்னார்கள். இன்று உங்கள் வயதுக்காரர்கள் அதைப் பழைய பாட்டு வரிசையில் வைத்துப் போற்றுகிறீர்கள்.

அப்பாவின் நாடாவைப் பற்றி ஒரு வேண்டுகோள். அதைக் கையில் கிடைக்கும் பழைய கருவியில் போட்டுவிடாதீர்கள். நாடாவைத் தலையோடு அழுத்திப் பிடிக்கும் சிறிய பஞ்சுப் பட்டை இத்தனை ஆண்டுகளில் உதிர்ந்திருக்கும்; உருளை பிசுபிசுத்திருந்தால் நாடாவை இழுத்துச் சுற்றிக்கொள்ளும். என்னிடம் ஒரு டெக் இன்னும் நல்ல நிலையில் இருக்கிறது. கொண்டு வாருங்கள், பஞ்சை மாற்றிக் கணினியில் ஏற்றித் தருகிறேன். அறிவிப்பாளர் குரலை வெட்ட மாட்டேன்.

ஊத்தங்கரை கீபோர்டு

கடைக்கார ஐயா சொன்னதை மதிக்கிறேன். ஆனால் அதில் பாதியைத்தான் ஒப்புக்கொள்வேன். காலம் சலித்தெடுத்தது உண்மை. அதற்காக, பாட்டு செய்யப்படும் முறையில் எதுவும் மாறவில்லை என்று சொல்லிவிட முடியாது. பதினெட்டு ஆண்டுகளாகத் திருவிழா மேடைகளில் மெல்லிசைக் குழுவோடு கீபோர்டு வாசிக்கிறேன். இரண்டு வகைப் பாட்டுகளையும் பிரித்துப் பார்த்துப் பயில வேண்டிய கட்டாயம் எங்களுக்கு உண்டு.

ஒரு 1980களின் பாட்டை மேடைக்குத் தயார் செய்ய வேண்டுமென்றால் எங்கள் குழுவுக்கு நான்கைந்து மாலைகள் போய்விடும். முதல் சரணத்துக்கு முன் வரும் இடையிசை ஒன்றாக இருக்கும், இரண்டாவது சரணத்துக்கு முன் வருவது முற்றிலும் வேறாக இருக்கும். வயலின்கள் ஒரு வழியில் போகும்போது கிட்டார் வேறொரு வழியில் போகும், அடியில் ஒலிக்கும் பேஸ் இரண்டையும் தாங்காமல் தாங்கிக்கொண்டு தனியாக ஒரு மெட்டைப் பாடிக்கொண்டிருக்கும். சென்னை ஸ்டூடியோக்களில் அப்போது பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே நேரத்தில் இருந்து பதிவு செய்வது பெருவழக்கு. ஒருவர் பிசகினால் எல்லோரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்த அச்சமும் கவனமும் ஒலியில் கேட்கும். இன்றைய பாட்டுகள் பலவற்றில் சரணம் ஒன்றோடு முடிந்துவிடுகிறது. இடையிசை இருக்க வேண்டிய இடத்தில், முகப்பில் வந்த அதே தாளக்கட்டு திரும்பி வருகிறது. பழைய பாட்டில் நாம் நேசித்த ஒரு பொருள் இங்கே இல்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் பாலக்கோட்டு அண்ணா, நீங்கள் இரைச்சல் என்று சொன்னதற்குப் பாதிக் காரணம் அந்தக் கையகல ஒலிபெருக்கியாக இருக்கலாம். பழைய பாட்டின் உயிர் குரலிலும் வயலினிலும் புல்லாங்குழலிலும் இருக்கிறது. அவை நடுச்சுருதியிலும் மேல்சுருதியிலும் இயங்குபவை, சின்னக் கருவியிலும் பிழைத்துக்கொள்ளும். புதிய பாட்டு பல சமயம் தன் அடித்தளத்தை மிகக் கீழான ஒலிகளில் கட்டியிருக்கிறது. கையகலக் கருவியால் அந்த ஒலியை எழுப்பவே முடியாது. அடித்தளம் காணாமல் போனால் மேலே உள்ள தட்டுச் சத்தம் மட்டும் மிஞ்சும். கட்டிடத்தில் தூணை எடுத்துவிட்டுக் கூரையை மட்டும் பார்ப்பது போன்றது அது. நல்ல கம்பி இயர்போன் ஒன்றை வாங்கி, ஒலியைப் பாதியளவில் வைத்து, முதல் முறை பேஸை மட்டும் பின்தொடருங்கள். அடுத்த முறை குரலுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். இன்றைய இசையமைப்பாளர்களில் நல்லவர்கள் மெட்டில் செலவிடும் உழைப்பை ஒலியின் நிறத்திலும் செலவிடுகிறார்கள். பாடகி மூச்சை இழுப்பதைத் துடைக்காமல் விட்டுவைத்திருப்பார்கள். ஒரே ஒரு பறையடி அடங்குவதற்கு முழுதாக நான்கு அட்சரம் இடம் கொடுத்திருப்பார்கள். அங்கே போய் வயலின் கூட்டத்தைத் தேடினால் ஏமாற்றந்தான்.

அதே வேளையில் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். இப்போது பல பாட்டுகளில் மெல்லிய ஒலிக்கும் பெரிய ஒலிக்கும் உள்ள வேறுபாட்டை அழுத்தி அழுத்தி ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். முதல் நொடியிலேயே உச்சத்தில் இருக்கும் பாட்டுக்கு ஏறிப் போக இடமில்லை. காது களைத்துப் போவதற்கு அதுவே காரணம், உங்கள் வயது காரணமில்லை.

பாட்டு எப்போது திரும்பி வரும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 1989இல் வந்த ‘பொன்மனச் செல்வன்’ படத்தின் ‘நீ பொட்டு வச்ச தங்கக்குடம்’ பாட்டை எங்கள் மேடையில் ஆண்டுக்கணக்காக ஒருவரும் கேட்டதில்லை. எங்கள் நோட்டிலேயே அது இல்லை. 2024 செப்டம்பரில் ‘லப்பர் பந்து’ படத்தில் அது ஒலித்த பிறகு, அந்தப் பருவத்துத் திருவிழாக்களில் நள்ளிரவு 12 மணிக்கு மேல் வந்த முதல் சீட்டு பெரும்பாலும் அதுவாகவே இருந்தது. சீட்டு எழுதிக் கொடுத்தவர்களில் பலர் அந்தப் பாட்டு வந்தபோது பிறக்காதவர்கள். முதல் முறை வாசிக்கும்போது எங்களுக்கு அது புதிய பாட்டு. அன்று மேடைக்கு முன்னால் தாத்தாக்கள் ஒரு பக்கமும் பேரன்கள் ஒரு பக்கமும் நின்று ஒரே வரியைப் பாடியது என் கண்ணுக்குள் இருக்கிறது.

பென்னாகரம் வாசகர்

சுருக்கமாக ஒன்று. தமிழர்களுக்குச் சினிமாவை விட்டால் ஆல்பம் கேட்கும் பழக்கமே இல்லை என்று சிலர் எழுதுகிறார்கள். ஆடி மாதத்தில் எங்கள் பக்கம் வந்து பாருங்கள். ரேடியோ செட்டுக்காரர் வேப்பமரத்தில் குழாயைக் கட்டியதும் எல்.ஆர்.ஈசுவரி அம்மா பாடிய அம்மன் பாட்டு ஆல்பம் முதலிலிருந்து கடைசிவரை, வரிசை மாறாமல் ஓடும். எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு வரும் என்று களையெடுக்கும் பெண்களுக்கும் தெரியும். அதில் ஒன்றும் படப் பாட்டில்லை. வரிசையாக, முழுதாக, திரும்பத் திரும்பக் கேட்டால் எந்த ஆல்பமும் மனத்தில் இடம்பிடிக்கும் என்பதற்கு எங்கள் ஊரே சாட்சி. மேலும், 1976இல் தொடங்கிய இளையராஜா 2025 மார்ச் 8 அன்று லண்டனில் தம் சிம்பொனியை அரங்கேற்றினார். பழையவர் செய்த அந்தப் புதியதை எந்தப் பெட்டியில் வைப்பது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஓசூர்ப் பேருந்துப் பயணி

பெரியவர்கள் அனைவருக்கும் வணக்கம். உங்கள் மகளைவிட எனக்கு ஐந்தாறு வயது கூட இருக்கலாம் ஐயா. ஓசூரிலிருந்து தினமும் பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போகிறேன். நெரிசல் இல்லாத நாளில் ஓர் ஆல்பம் முடியும் நேரத்தில் இறங்கிவிடலாம். அத்திப்பள்ளியில் வண்டிகள் தேங்கி நின்றால் இரண்டு ஆல்பம் ஓடும். எனக்குப் புதிய ஆல்பங்கள் பழகியது அந்த ஜன்னலோர இருக்கையில்தான்.

புதிய இசையைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லும் தீர்ப்பு பெரும்பாலும் முதலில் வெளியிடப்படும் ஒற்றைப் பாட்டைப் பற்றிய தீர்ப்பாகவே இருக்கிறது. படம் வருவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே வெளியிடப்படும் அந்தப் பாட்டுக்கு, கூட்டத்தில் கையைத் தூக்கி ஆளை அழைக்கும் வேலை. 30 நொடியாவது ஓடினால்தான் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு வைத்துக்கொள்ளும் தளங்கள் இருக்கும்போது, நிதானமான முன்னிசையோடு தொடங்க யாருக்குத் துணிவு வரும்? அதில் எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் அதே ஆல்பத்தில் நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ, யாரையும் அழைக்க வேண்டிய பொறுப்பு இல்லாத ஒரு பாட்டு ஒளிந்திருக்கும். இசையமைப்பாளர் தமக்காகச் செய்துகொண்ட பாட்டு அதுவே என்று எனக்குத் தோன்றும். உங்கள் மகள் போட்டது எந்தப் பாட்டு என்று எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் கேட்டது முதல் பாட்டில் பாதி. கடைக்கார ஐயா சொன்ன மறுபக்கம் இப்போதும் இருக்கிறது. திருப்பிப் போடும் கைதான் இல்லை.

இன்னொன்று, ஓசூர்க்காரியாக என் அனுபவம். எங்கள் வீட்டில் பாட்டி தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளியில் தமிழ். இப்போது பெரிய படங்களின் பாட்டுகள் ஒரே நாளில் நான்கைந்து மொழிகளில் வெளியாகின்றன. நான் ஒரே மெட்டைத் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்ப்பேன். மெட்டு எந்த மொழியில் பிறந்தது என்பது மூன்றாவது வரிக்குள் தெரிந்துவிடும். பிறந்த மொழியில் குறிலும் நெடிலும் தாளத்தின் மேல் தானாக வந்து உட்காரும். மற்ற மொழிகளில் ஒரு குறிலை இழுத்து நெடிலாக்கிப் பாட வேண்டியிருக்கும், அப்போது சொல்லே வேறு சொல்லாகிவிடும். புதிய பாட்டின் வரிகள் புரியவில்லை, மனத்தில் நிற்கவில்லை என்று பெரியவர்கள் சொல்வதில் இந்த ஒரு காரணத்தை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். தமிழிலேயே பிறந்த மெட்டுகளைத் தேடிக் கேளுங்கள் ஐயா. பாடலாசிரியர் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். நான் உமாதேவி, கார்த்திக் நேத்தா ஆகியோரின் பெயர்களைப் பார்த்தால் நின்று கேட்பேன்.

படம் இல்லாத பாட்டுகளும் இன்று நிறைய வருகின்றன. 2021 மார்ச் மாதத்தில் அறிவு, தீ என்ற இருவர் பாடி, சந்தோஷ் நாராயணன் தயாரித்து வெளிவந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’யை என் பாட்டிக்கு இயர்போனில் போட்டுக் காட்டினேன். அறிவு தம் பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த கதையை அதில் வைத்திருக்கிறார் என்று சொன்னேன். பாட்டிக்குத் தமிழ்ப் பாட்டு அதிகம் பழக்கமில்லை. இயர்போனைக் கழற்றாமல், "இது சாவு வீட்டுப் பாட்டு மாதிரியும் இருக்கிறது, நாற்று நடும் பாட்டு மாதிரியும் இருக்கிறது" என்றார். அதைவிடச் சிறந்த விமரிசனத்தை அந்தப் பாட்டைப் பற்றி நான் எங்கும் படிக்கவில்லை.

பாலக்கோட்டு ரசிகர்

பதில் எழுதிய ஒவ்வொருவருக்கும் நன்றி. உடனே எழுதாமல் மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன், சொன்னதைச் செய்து பார்த்துவிட்டு எழுத வேண்டும் என்பதற்காக.

கம்பி இயர்போன் வாங்கினேன். மகளிடம் அதே ஆல்பத்தைக் கேட்டேன், அவளுக்கு வியப்பு. இரவு 8 மணிக்குக் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கணக்குப் பார்ப்பதற்கு முன் 25 நிமிடம், ஆறு பாட்டுகளையும் வரிசை மாற்றாமல் கேட்டேன். ஞாயிறு போக ஒவ்வொரு நாளும். ஆல்பத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் இந்த உரையாடல் இசையமைப்பாளர்களுக்கு இடையேயான சண்டையாக மாறிவிடும் என்று அஞ்சுகிறேன்.

முதல் நான்கு நாட்கள் எதுவும் நடக்கவில்லை. கடமைக்காகக் கேட்டேன் என்பதே உண்மை. ஐந்தாம் நாள், யூரியா மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தபோது நான் எதையோ முணுமுணுப்பதாகக் கடைப் பையன் சொன்னான். அது நான்காவது பாட்டின் பல்லவி. ஓசூர் அம்மா சொன்ன அதே நான்காவது பாட்டு. அதில் இரண்டாம் அடி முடிந்ததும் தாளம் முழுவதும் நின்றுவிடுகிறது; பாடகியின் குரலும் அடியில் ஒரு நீண்ட பேஸ் ஒலியும் மட்டும் இருக்கின்றன. அதே பாட்டைக் கையகலப் பெட்டியில் போட்டுப் பார்த்தபோது அந்த இடம் வெறுமையாக இருந்தது. பாட்டு அறுந்துவிட்டது என்றே தோன்றியது. இயர்போனில் அது கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது போல இருக்கிறது.

முதல் பாட்டைப் பற்றிய என் கருத்து மாறவில்லை. பதினைந்து முறைக்கு மேல் கேட்டுவிட்டேன், இன்றும் பிடிக்கவில்லை. ஆனால் இப்போது காரணம் சொல்ல முடிகிறது: கீபோர்டு தம்பி எழுதியது போல, தொடங்கிய உயரத்திலேயே முடிகிறது, சரணத்தில் வரும் சொற்களை வேறெந்தப் பாட்டிலும் எடுத்து வைத்தாலும் பொருந்தும். மகளிடம் இதைச் சொன்னேன். அவளும் ஒப்புக்கொண்டாள், அவளுக்கும் அதில் பிடித்தது அந்த ஆட்டத் துள்ளல் மட்டுமாம், வரிகள் இல்லையாம். ஐந்தாவது பாட்டைப் பற்றி இருவருக்கும் இன்னும் உடன்பாடு வரவில்லை.

பதிலுக்கு அவளைச் சுசீலா அம்மாவின் அந்தப் பாட்டைக் கைப்பேசியில் முழுதாகக் கேட்கச் சொன்னேன். கடைசிப் புல்லாங்குழல் வந்தபோது, "அப்பா, இந்தக் குழல் தொடக்கத்திலேயே ஒரு முறை வந்துவிட்டது, வீணைக்குப் பின்னால்" என்றாள். நான் நம்பவில்லை. மறுபடி போட்டோம். முன்னிசையில், வீணைக்கு அடியில், அதே சுரவரிசை மெல்லியதாக ஓடுகிறது. நாற்பது ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கும் எனக்கு அது காதில் விழுந்ததே இல்லை. அப்பாவின் நாடாவில் அந்த இடம் இருக்கிறதா, பதிவு பொத்தானை அவர் அமுக்குவதற்குள் கடந்துவிட்டதா என்றும் தெரியவில்லை.

ஒலிநாடாக் கடை ஐயாவுக்கு: வரும் ஞாயிறு காலை நாடாவை எடுத்துக்கொண்டு தருமபுரிக்கு வருகிறேன். மகளும் வருகிறாள். உங்கள் பரணில் உள்ள அந்த நோட்டுகளையும் பார்க்க வேண்டும் என்கிறாள். மெட்டு மறந்துபோன பாட்டுகளின் முதலடிகளை எழுதிக்கொண்டு வந்து தேடிப் பார்க்கப் போகிறாளாம்.